முப்பத்தொரு தூண்

அறிவித்தல் ஒட்டி இருபத்திரண்டு நாள் கழிந்த பிறகுதான் காக்காப்பொன் மலை லயத்து வீடுகளுக்குச் சேதி வந்தது. கீழ்ச்சரிவில் குடியிருக்கும் ரிப்கா பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிறவள். கந்தோர்ச் சுவரில் தற்செயலாகக் கண்டு, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, அம்பிட்டிய பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"சந்திரிகா அக்கா, ஆட்சேபனை குடுக்க முப்பது நாள்தான் டைம். இருபத்திரெண்டு போயிட்டு. உங்கட ஆக்களைக் கூப்பிடுங்க."

சந்திரிகா லயத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். அறுபத்தொரு வயசு. அந்த மலையில் முறைப்படி பதிந்த சங்கம் அது ஒன்றுதான். ஆகவே கல்யாணமோ, குழாய் உடைந்ததோ, மந்திரிக்கு மனுவோ, எதுவானாலும் செத்தவர்களுக்கான சங்கம்தான் கூட வேண்டும். அன்றைக்கும் தகரக் கொட்டகையில் சாவு வீட்டுக் கதிரைகளை விரித்து, இருபத்துநாலு வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள்.

"பழைய சுரங்கக் காணியைக் கைத்தொழில் வலயமா மாத்தப் போறாங்களாம்," என்றாள் சந்திரிகா.

"மாத்தினா?"

"இப்ப அதுல ஒரு குடில்கூடக் கட்டக்கூடாது. மாத்திட்டா பெக்டரி கட்டலாம். கல்லு ஒடைக்கிற பெக்டரியாம். ராப்பகலா மெசின் ஓடும்."

"வேலை குடுப்பாங்களா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சங்கத் தலைவன் சுரேஸ், ஓட்டோ ஓட்டுகிறவன், திரும்பிப் பார்த்தான். "குடுப்பாங்க மாமா. வாச்சர் வேலை. ஒங்க வீடு விழுறப்ப யாரும் செங்கல்லைத் தூக்கிட்டுப் போகாம நீங்களே காவல் இருக்கலாம்."

சிரிப்பு எழுந்தது. ரிப்கா சிரிக்கவில்லை.

"கேளுங்க. 'எங்களுக்கு மனக்கஷ்டமா ஈக்கி'ண்டு எழுதினா குப்பைக் கூடைக்குத்தான் போகும். நிலம் தாங்காதுண்டு காட்டணும். அது ஒண்டைத்தான் அவங்க காதுல வாங்குவாங்க. ஆனா அவங்கட அறிக்கையில தாங்கும்ண்டு ஈக்கி." கைபேசியை விரலால் பெரிதாக்கிப் படித்தாள். "சுரங்கத்தின் கூரையை முப்பத்தொரு கல்தூண்கள் தாங்கி நிற்கின்றன. சுரங்கம் மூடப்பட்டபோது வரைந்த படத்தின்படியும், தற்போது கமரா அனுப்பிப் பார்த்ததன்படியும் முப்பத்தொன்றும் நல்ல நிலையில் உள்ளன."

கொட்டகை சட்டென்று அடங்கியது. ஆள் காலடி கேட்டால் தவளை அடங்குமே, அப்படி. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், சனம் கவலையில் இருக்கிறது என்றுதான் சந்திரிகா அப்போது நினைத்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் இருளப்பன் பிளேன்டீக் கிளாஸைக் கீழே வைத்தார். 

அந்தத் தூண்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குழிக்குள் பாறையைக் குடைந்துகொண்டு போகும்போது, கூரை விழாதிருக்க இடையிடையே கல்லை வெட்டாமல் விடுவார்கள். எந்தக் குடும்பம் விட்டதோ அந்தக் குடும்பத்தின் பேர்தான் தூணுக்கு. அதற்குள் எவ்வளவு காக்காப்பொன், அந்த மைக்காத் தகடு, மின்னினாலும் சரி, கை வைக்கக்கூடாது. வைத்தால் குழி முனி கண்ணைத் திறப்பார். மண்ணுக்கு அடியில் நிற்கிற தூணுக்கு விளக்கேற்ற முடியாதே, அதனால் குழி வாசலில் முனி கோயிலைச் சுற்றித் தூணுக்கு ஒரு கல்லாக முழ உயரத்தில் முப்பத்தொரு கல்லை நிறுத்தியிருந்தார்கள். ஆடிக் கடைசி வெள்ளியில் அவரவர் கல்லுக்கு அவரவர் எண்ணெய். வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக் கல்லைச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், பதினாறாம் நாள் நிமிர்த்துவார்கள். சுரங்கம் மூடுவதற்கு முன்பே கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்ட குடும்பங்கள் ஏழு. அந்த ஏழு கல்லுக்கும் சங்கம் பொதுவில் எண்ணெய் வைக்கும்.

சுரங்கம் மூடி நாற்பத்திரண்டு வருசம். வாசலைக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். கல்லுக்கு எண்ணெய் வைப்பது மட்டும் நிற்கவில்லை.

கூட்டம் முடிந்து சந்திரிகா வீட்டுக்கு வந்தபோது, இருளப்பன் அலவாங்கை, அந்தக் குழிக்காலத்து இரும்புக் கடப்பாரையை, எடுத்து அடுப்படிக் குசினித் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பார். ஓரடி தள்ளி இன்னொரு தட்டு.

"என்னங்க, சிமெந்தெல்லாம் தெறிக்குது?"

"கல்லைப் பேச வைக்கிறேன்."

குழிக்காரர் வழக்கம் அது. வேலைக்கு இறங்கினதும் கூரையை, தூணை அலவாங்கால் தட்டுவார்கள். கிண் என்றால் நல்ல கல். பொத் என்றால் ஆகாது. பொத் என்று கேட்டவன் 'ஆள் வெளிய!' என்று ஒரு கத்து கத்துவான். காதில் விழுந்தவன் சம்மட்டியை எடுக்கக்கூடாது, லாம்பை எடுக்கக்கூடாது, ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. வெறுங்கையோடு ஓட வேண்டும்.

"இப்ப என்ன பேசிச்சு?"

அவர் அலவாங்கைச் சுவரில் சாய்த்தார். தூசி தின்ற நெஞ்சு. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"சந்திரிகா. அந்தப் புள்ள முப்பத்தொண்ணுன்னு படிச்சுதுல்ல. முப்பதுன்னு திருத்திக்க."

"கமராவுல எல்லாம் நிக்குதுன்னாங்களே?"

"நிக்கும். தோலு நிக்கும். நம்ம தூணோட வயித்த நான் எடுத்துட்டேன்."

அவள் பலகையில் உட்கார்ந்தாள்.

"கலவரம் முடிஞ்ச கையோட குழியை மூடிட்டாங்க. டவுன் பக்கம் தலை காட்ட முடியல. தோட்டத்துல வேலைக்குப் பேரு பதிய மாட்டேன்னுட்டாங்க. நீ அப்பத்தான் கல்யாணமாகி வந்த. ஓடைக்குள்ள தண்ணி வாசல் ஒண்ணு இருக்கும், குழித் தண்ணி வடியுறதுக்கு. அது வழியா தவழ்ந்து போவேன். வெளியில ஆளு பார்த்தா முழுத் தூணாத் தெரியணும்னு ஒரு பக்கம் ஓட்டை போட்டு, உள்ளுக்குள்ளயே கொடஞ்சு எடுத்துட்டு, ஓட்டையக் கல்லு வச்சு அடைச்சேன்."

"எங்கிட்ட, வெளிய கெடந்த பழைய குவியல்ல பொறுக்கினதுன்னுல சொன்னீங்க?"

"சொன்னேன்."

தேன் நிறத் தகடுகள். அவள்தான் மடியில் சாக்கை விரித்து, விற்பதற்காகக் கத்தி முனையால் ஏடு ஏடாக உரித்தாள். விரல் முழுக்க மினுக்கம். சோற்றில்கூட மினுக்கம். இது எங்கே கிடைத்தது என்று ஒரு நாள் கேட்டாள், மறுநாள் கேட்கவில்லை. அடுப்பு எரிகிற வீட்டில் விறகின் ஊரைக் கேட்பார் உண்டா?

"ஒரு தூணுதானே சந்திரிகா. நம்மளுதுதானே. அடுத்தவன் தூணைத் தொட்டா அது துரோகம். மத்த முப்பதும் நிக்குதேன்னு ஒரு தெம்புதான்."

விடிந்ததும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சுந்தரி நின்றாள். பக்கத்து வீடு, புருசன் செத்து ஒன்பது வருசம். சந்திரிகாவுக்கு வயிற்றில் எதையும் வைத்துக்கொண்டிருக்கத் தெரியாது.

"சுந்தரி, யார்கிட்டயும் சொல்லாத. எங்க வீட்டுத் தூணு இல்லடி."

சுந்தரியின் வாளி நிறைந்து வழிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்களுதும் இல்லக்கா."

"என்னது?"

"அவரு சாகுறதுக்கு முதல் நாளு சொன்னாரு. 'நம்ம தூணைக் கொடஞ்சிட்டேன், மத்ததெல்லாம் கல்லு மாதிரி நிக்குது, நீ பயப்படாம தூங்கு'ன்னாரு. நானும் முப்பது இருக்கேன்னுதானே இத்தன வருசமும் தூங்குனேன்."

தண்ணீர் இரண்டு பேர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. கலங்கல் தண்ணீர். போன வருசப் பெருமழைக்குப் பிறகு பீலித் தண்ணீர் தெளியவே இல்லை. இரண்டு பேரும் நேற்றுக் கொட்டகையில் குனிந்திருந்த தலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்கள்.

"வீடு வீடாப் போய்க் கேட்டுருவோமாக்கா?"

"கேட்டா சொல்லுவாங்களா? நீ எங்கிட்ட ஒன்பது வருசமாச் சொன்னியா?"

சந்திரிகா அன்றைக்கே வீடு வீடாகப் போனாள். ஒரே சொல்தான் எல்லா வாசலிலும்: "நாளைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு ஒருத்தர், ஒருத்தர் போய் வந்ததுக்கப்பறம் அடுத்தவர், முனி கோயிலுக்குப் போங்க. உங்க தூணு உள்ளுக்குள்ள செத்திருந்தா உங்க கல்லைப் படுக்க வைங்க. நல்லா இருந்தா எண்ணெய் வச்சிட்டு வந்துருங்க. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன். பொழுது சாய எண்ணத்தான் வருவேன்."

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குக் கிலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் சரிந்த பிறகு சுந்தரியைக் கூட்டிக்கொண்டு போனாள்.  கோயில் திருப்பத்தில் சுந்தரி அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க பாருங்கக்கா. எனக்குக் காலு வரல."

சந்திரிகா பார்த்தாள். கற்களெல்லாம் படுத்திருந்தன. வரிசை வரிசையாக, பாய் விரித்துப் படுத்த ஆட்களைப் போல. எண்ணெய் வைத்த கல் ஒன்றுகூட இல்லை. நின்றிருந்தவை ஏழு.

"ஏழு நிக்குதுடி."

"யாரு வீட்டுது?"

சந்திரிகா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பேர் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சங்கத்து எண்ணெய்க் கறை எந்தக் கல்லில் என்று அவளுக்குத் தெரியாதா?

"இந்தியாவுக்குப் போனவங்களுது."

அவளுக்குச் சிரிப்புக்கூட வரும்போல இருந்தது. ஒரு விதத்தில் இருபத்துநாலு வீடும் நேர்மை தவறவில்லை. அடுத்தவன் தூணை ஒருத்தனும் தொடவில்லை. அவனவன் தூணை மட்டும் அவனவன் தின்றான். மற்ற முப்பதும் நிற்கிறது என்று ஒவ்வொருத்தனும் நம்பினான். போய்ச் சேர்ந்தவர்கள் விட்டுவிட்டுப் போன ஏழு தூணின் தலையில்தான் இந்த லயமும், இந்த மலையும், ஆடுமாடும், பிள்ளைகுட்டியும் இருக்கின்றன.

இருட்டுவதற்குள் சுரேஸ் வீடு தேடி வந்துவிட்டான். உட்காரவில்லை.

"அத்தை, எண்ணிட்டீங்களா?"

"ஏழு."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "எங்கப்பா கல்லை நான்தான் படுக்க வச்சேன். ஒரு பத்து கெடக்கும்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இத வெளிய சொல்லக்கூடாது."

"சொன்னாத்தானே பெக்டரி நிக்கும்?"

"பெக்டரி நிக்கும். நம்ம நிப்பமா? காணி உறுதி இருக்கா நம்மகிட்ட? ஒரு துண்டுக் கடதாசி இருக்கா? நாளைக்கே வீட்டை விட்டு எழும்பச் சொல்லி செவப்பு நோட்டீஸ் ஒட்டுவான். போன வருசம் மழையில ஏத்தின சனம் இன்னும் பள்ளிக்கூட ஹோல்ல சீலையைக் கட்டிப் படுத்திருக்கு, பார்த்தீங்கல்ல?"

"சொல்லாட்டி மெசின் வரும், சுரேஸ்."

"அவ்வளவு பெரிய கம்பெனி யோசிக்காமலா கட்டுவான்? தூணுல நம்பிக்கை இல்லாட்டி அவனே வர மாட்டான்."

"அவனுக்குத்தான் தூணு இருக்கே. கமராவுல."

இருளப்பன் உள்ளேயிருந்து இருமினார். "நம்ம தோண்டுன குழிடா. நம்ம விழுந்தா கணக்கு சரி. கீழ இருக்கிற சனம் என்னடா பண்ணுச்சு?"

சுரேஸ் படியிறங்கிப் போனான்.

கீழ்ச்சரிவில் முஸ்லிம் வீடுகள் நாற்பதுக்கு மேல். மிளகும் கராம்பும் வைத்து மூன்று தலைமுறையாக இருக்கிற சனம். குழிக்குள் இறங்கினதே இல்லை. தூண் என்றால் என்னவென்று தெரியாது. ஞாயிறு காலை, மனுவை டைப் அடிக்கச் சந்திரிகா அங்கே போனாள். ரிப்காவின் உம்மா உம்மு குல்சும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"உக்காரு சந்திரிகா. தேத்தண்ணி குடிக்காமப் போனா நான் கோவிப்பேன். ரிப்கா சொன்னா, நீ கந்தோர்ல பேசப் போறியாமே? அல்லாஹ் உன்ட நாக்குக்குத் தைரியத்தைத் தரட்டும். மழை பேஞ்ச ராவெல்லாம் எனக்கு உறக்கமில்ல. ஆனா ஒண்டு, மேல நீங்க ஈக்கீங்களேண்டு ஒரு ஆறுதல். குழிக்காரங்க. மலை அசைஞ்சா உங்களுக்கு முதல்ல தெரியுமே."

குசினிச் சுவர் மலையை ஒட்டியிருந்தது. சுவரில் புதுசாக ஒரு கீறல், அதன் மேல் பிள்ளைகளின் மத்ரஸாப் பைகளை மாட்டியிருந்தார்கள். சந்திரிகா தேநீரை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் இறக்கினாள்.

"சீனி கூடிப்போச்சா?"

"இல்லங்க. சுடுது."

ரிப்கா மடிக்கணினியைத் திறந்தாள். "சொல்லுங்கக்கா, என்ன எழுத?"

"ஒண்ணும் எழுதாத புள்ள. விசாரணைக்குப் பேரை மட்டும் குடு. நான் வாயாலயே சொல்லிக்கிறேன்."

புதன்கிழமை விசாரணை. கண்டி டவுனில், வாவிக்குப் பின்பக்கமாக ஏறுகிற ஒரு கந்தோரின் மாடியில். லயத்திலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள், சுரேஸும் வந்தான். மேசைக்கு அந்தப்பக்கம் கண்ணாடி போட்ட பெரிய மாத்தயா, விசாரிக்கிற அதிகாரி. அவர் வலப்பக்கம் கம்பெனியின் பொறியியலாளர், இளசு, சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. இடப்பக்கம் மொழிபெயர்க்க லோஜினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

பொறியியலாளர் சுவரில் படங்களைக் காட்டினார். கறுப்பு இருட்டில் வெள்ளை வெளிச்சம், தூண் தூணாக. சந்திரிகா வாழ்க்கையில் முதல் தடவை அந்தத் தூண்களைப் பார்த்தாள். எவ்வளவு லட்சணமாக நிற்கின்றன! எவ்வளவு பக்குவமாக அடைத்திருக்கிறார்கள்! ஒன்பதாவது படத்தில், தூணின் இடுப்பில் அடுக்கின கல்லைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருளப்பன் வேலி கட்டினாலும் அப்படித்தான் அடுக்குவார், சின்னக் கல் கீழே, பெரிய கல் மேலே, உலகத்துக்கு நேர் எதிராக.

"அம்மா, உங்கட ஆட்சேபனையைச் சொல்லுங்கோ," என்றாள் லோஜினி.

சந்திரிகா எழுந்தாள். சுரேஸ் அவள் முந்தானையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தான். அவள் அதை உருவிக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு இல்லைங்க. ஏழு."

லோஜினி சிங்களத்தில் சொன்னாள். மாத்தயா நிமிர்ந்தார். பொறியியலாளர் புன்னகை செய்து என்னவோ சொன்னார்.

"அம்மா, அவர் கேக்கிறார், படத்தில முப்பத்தொண்டும் வடிவா நிக்குதே எண்டு."

"தோலுதான் நிக்குது. உள்ள ஒண்ணுமில்ல. முட்டையில ஓட்டை போட்டு உறிஞ்சின மாதிரி."

"ஆர் அப்பிடிச் செய்தது?"

"நாங்க."

லோஜினி அவள் பக்கம் குனிந்தாள். "அம்மா, நான் இதை அப்பிடியே சொல்லட்டோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. எழுதிப் போடுவினம்."

"அப்படியே சொல்லு தங்கச்சி. இருபத்துநாலு வீடு. வீட்டுக்கு ஒண்ணு. நான்தான் மடியில போட்டு உரிச்சேன். அந்தக் குழி எங்க லயத்துக்குக் கீழாலயும் போகுது. சரிஞ்சா கீழ நாப்பது வீட்டு மேல விழும். அதையும் சொல்லு."

பின் கதிரையில் ரிப்கா எழுந்து நின்றதைச் சந்திரிகா முதுகாலேயே உணர்ந்தாள். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

மாத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  அதற்குள் பொறியியலாளர் பேசத் தொடங்கிவிட்டார், இப்போது புன்னகை இல்லை.

"ஆதாரம் கேக்கிறார் அம்மா. கிராமத்துக் கதையைக் கேட்டுத் திட்டத்தை நிப்பாட்ட ஏலாதாம். ஒரு தூணுக்கு நேரா மேலயிருந்து துளை போட்டுப் பாப்பமாம். கல்லு வந்தா நீங்கள் சொன்னது பொய்."

"ஐயோ, துளைக்காதீங்க! தட்டிப் பாருங்க போதும். தட்டினாத் தெரியும்."

லோஜினி அதையும் மொழிபெயர்த்தாள். மேசையில் ஒருவர் குனிந்து சிரிப்பை மறைத்தார். மாத்தயா எழுதினார்: திங்கட்கிழமை, காலை பத்து மணி.

"எந்தத் தூணைத் துளைக்கிறது எண்டு கேக்கிறார்."

சந்திரிகா சுவரைக் காட்டினாள். "ஒன்பதாவது படம். அது எங்களுது."

படியிறங்கும்போது ரிப்கா அவளைக் கடந்து போனாள். நான்கு படி இறங்கித் திரும்பினாள்.

"நாப்பது வருசம் இதை எங்கட தலைக்கு மேல வச்சிருந்தீங்களே அக்கா. உம்மா உங்கட்டச் சொன்னதெல்லாம் கேட்டுட்டும் ஈந்தீங்களே."

"அதாலதான் புள்ள சொன்னேன்."

ரிப்கா போய்விட்டாள். பஸ்ஸிலும் தனியாகத்தான் இருந்தாள்.

திங்கட்கிழமை மெசின் வந்தது. லொறியிலிருந்து இறக்கும்போதே லயத்து ஜன்னல்கள் கிறுகிறுத்தன. இருளப்பன் அலவாங்கை ஊன்றிக்கொண்டு பொறியியலாளர் பக்கத்தில் போய் நின்றார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார், மாத்தயா, ஒரே ஒரு தடவை காதை வச்சுக் கேளுங்க என்று. அந்த இளைஞர் மரியாதையாகத்தான் அவர் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தினார்.

துளை போட்டார்கள். மண். பிறகு கல். கல், கல், கல். கம்பிக்கு மேல் கம்பி முடுக்கினார்கள். பொறியியலாளர் கடதாசியில் குறித்துக்கொண்டே வந்தார். லயத்து வாசல்களில் சனம் மூச்சைப் பிடித்து நின்றது. நல்ல கல் வரவேண்டும் என்று வேண்டுவதா, வரக்கூடாது என்று வேண்டுவதா, முனிக்கே தெரியாது.

பிறகு சத்தம் மாறியது. கம்பி ஒரு ஆள் உயரத்துக்கு ஒரேயடியாக உள்ளே போய், மெசின் ஒரு பக்கம் சாய்ந்து உறுமியது. யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் துளை வழியாக ஒரு காற்று வந்தது. குளிர்ந்த காற்று, மண்ணெண்ணெய் லாம்பு வாடையோடு. நாற்பது வருசமாக உள்ளே அடைபட்டுக் கிடந்த வாடை. இருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொறியியலாளர் கைபேசியில் பேசினார். பேசப் பேசக் குரல் தாழ்ந்தது. பகல் ஒரு மணிக்கெல்லாம் மெசினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மணிக்குக் கிராம சேவகர் சிவப்புக் கடதாசியோடு வந்தார். கைத்தொழில் வலயம் இல்லை. லயமும் இல்லை. மேலே இருபத்துநாலு வீடு, கீழே நாற்பத்திரண்டு வீடு. மூன்று நாளைக்குள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும்.

"சந்தோசம்தானே அத்தை?" என்றான் சுரேஸ். அவன் வீட்டுக் கதவில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. "பெக்டரியை வெரட்டிட்டோம். வெடி போட்டுக் கொண்டாடுவமா?"

அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவளை வையாத வாசல் இல்லை. இருளப்பன் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டே, "மூணு நாளு இருக்காதுன்னு நெனைக்கிறேன்," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"காலையில தட்டினப்ப பொத்துன்னுச்சு. இப்பத் தட்டினா ஒண்ணுமே சொல்லல."

நாலரை மணி வாக்கில் சந்திரிகா எண்ணெய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு குழி வாசலுக்குப் போனாள். போகிறபோது அந்த ஏழு கல்லுக்கும் கடைசியாக ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான். யாருடைய பிள்ளைகளோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். தங்கள் தூண் இன்னும் ஊரைத் தூக்கி நிற்பது தெரியாமல்.

ஆறு நின்றன.

திரும்ப எண்ணினாள். ஆறு. ஏழாவது கல் குப்புறக் கிடந்தது.

"சுரேஸ்! டேய் சுரேஸ்!" மேட்டில் ஓட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "இந்தியாக்காரங்க கல்லை யாருடா படுக்க வச்சது?"

"நான் ஏன் அத்தை தொடப் போறேன்? அத நிமித்தவும் சாய்க்கவும் இங்க யாரு இருக்கா?"

அவள் குனிந்தாள். கல் நின்ற இடத்தில் மண் ஒரு சாண் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தது. அவள் கண் முன்னால், பக்கத்துக் கல் அவசரமில்லாமல், தூக்கம் வந்த ஆளைப் போலத் தலையைச் சாய்த்தது. சிரட்டை எண்ணெய் அவள் கையில் வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

குழியில் ஒரு நாளும் இறங்காத பொம்பளை அவள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறதா என்றுகூட யோசிக்கவில்லை.

"ஆள் வெளிய!"

குரல் பாறையில் பட்டுத் திரும்பியது.  லயத்தில் வயசாளிகள்தான் முதலில் ஓடி வந்தார்கள், நாற்பது வருசத்துக்கு முன் கேட்ட சொல்லுக்கு. அவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடினார்கள். சுரேஸ் கையிலிருந்த டிவியைப் போட்டுவிட்டுச் சுந்தரியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஆள் வெளிய! ரிப்கா! உம்மாவைக் கூட்டிட்டு வெளிய வா! ஆள் வெளிய!"

கீழே யாரோ அதை வாங்கினார்கள். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு. சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது, பாங்கு நேரமில்லை அது. "ஊடுகளை உட்டு எல்லாரும் வெளிய வாங்கோ. ஒண்டையும் எடுக்க வாணாம். புள்ளைகளைத் தூக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடுங்கோ. மேலயிருந்து சொல்லிட்டாங்க. மேலயிருந்து சொல்லிட்டாங்க."

சந்திரிகா ஆட்களை எண்ணிக்கொண்டு லயத்தை நோக்கி ஓடினாள். இருபத்துமூன்று வாசல் காலி. அவள் வீட்டு வாசலில் மட்டும் இருளப்பன் நின்றிருந்தார், மூச்சுக்குத் திணறிக்கொண்டு. அவர் கை பழக்கத்தில் சுவரோரம் சாய்ந்திருந்த அலவாங்கை நோக்கிப் போனது.

"என்னங்க!"

கை நின்றது. அலவாங்கை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு வெறுங்கையோடு வெளியே வந்தார். அவர் கால் எடுத்து வைத்த பிறகு, பின்னால் வாசற்படி சுவரை விட்டு ஒரு விரல் அகலம் விலகியது.